ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ்

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மேசை விளையாட்டு வெளியீட்டு நிறுவனம் ஆகும். விளையாட்டு வடிவமைப்பாளர் ஸ்டீவ் ஜாக்சன் 1980 ஆம் ஆண்டில் இதனை நிறுவினார். பலகை விளையாட்டுகள், சீட்டு விளையாட்டுகள், பகடை விளையாட்டுகள், பாத்திரமேற்று விளையாட்டு நூல்கள் ஆகியவற்றை இந்நிறுவனம் வெளியிட்டு வருகிறது. ஓகர், கார் வார்ஸ், இல்லுமினாட்டி, கர்ப்ஸ், மஞ்ச்கின் ஆகியன இதன் பெயர் பெற்ற வெளியீடுகள்.

1990 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க இரகசியச் சேவை இந்நிறுவனத்தின் அலுவலகத்தைச் சோதனையிட்டுக் கணினிகளைப் பறிமுதல் செய்தது. இதனால் ஏறத்தாழ மூடப்படும் நிலைக்குச் சென்ற நிறுவனம், அரசுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்து 1993 இல் வெற்றி பெற்றது. கணினியில் உள்ள எழுத்துகளுக்கும் மின்னஞ்சலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டா என்னும் வினாவில் இவ்வழக்கு ஒரு தொடக்ககால முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. பெரிய முதலீட்டாளர்களின் துணையின்றி, பல நெருக்கடிகளைக் கடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியதாலும் இந்நிறுவனம் கவனிக்கப்படுகிறது.

நிறுவனர்

ஸ்டீவ் ஜாக்சன் 1953 இல் பிறந்தவர். நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன் ஆஸ்டினில் இயங்கிய மெட்டாகேமிங் என்னும் வெளியீட்டகத்துக்காக விளையாட்டுகளை வடிவமைத்தார். 1977 இல் வெளியான ஓகர் அவற்றுள் முதலாவது ஆகும். ஒற்றை மாபெரும் தானியங்கிப் போர் ஊர்தியை ஒரு சிறுபடை எதிர்கொள்வதே அவ்விளையாட்டின் கரு. சிறிய உறைக்குள் அடங்கும் வகையில், மூன்று டாலருக்கும் குறைவான விலையில் அது விற்கப்பட்டது.

இவரைப் பிரித்தானியரான மற்றொரு ஸ்டீவ் ஜாக்சனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. பிரித்தானியர் கேம்ஸ் வொர்க்சாப் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ஃபைட்டிங் ஃபேன்டசி நூல் வரிசையைத் தொடங்கிய இருவருள் ஒருவர். அதே நூல் வரிசையில் அமெரிக்க ஸ்டீவ் ஜாக்சனும் சில நூல்களை எழுதியிருப்பதால் இக்குழப்பம் மேலும் கூடியது.

தொடக்க காலம்

மெட்டாகேமிங் நிறுவனத்துக்காக ஜாக்சன் உருவாக்கிய தி ஃபேன்டசி ட்ரிப் என்னும் பாத்திரமேற்று விளையாட்டு, அவர் விலகிய பின்னரும் அந்நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. 1983 இல் மெட்டாகேமிங் மூடப்பட்டபோது அதன் உரிமையை வாங்க ஜாக்சன் முயன்றார். கேட்கப்பட்ட விலை மிகுதியாக இருந்ததால் அம்முயற்சி கைகூடவில்லை. எனவே எந்தக் கதைக்களத்துக்கும் பொருந்தக்கூடிய ஒரு புதிய விதிமுறைத் தொகுதியை அவர் வடிவமைத்தார். 1986 இல் வெளியான கர்ப்ஸ் அதுவே. பொதுமையான அனைத்துலகப் பாத்திரமேற்று முறைமை எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே கர்ப்ஸ் ஆகும். தி ஃபேன்டசி ட்ரிப்பின் உரிமை 2017 இறுதியில்தான் ஜாக்சனிடம் திரும்பியது.

இதற்கிடையே, ஆயுதம் தாங்கிய ஊர்திகளின் மோதலைச் சித்திரிக்கும் கார் வார்ஸ், இரகசியக் குழுக்கள் உலகைக் கைப்பற்றப் போட்டியிடும் நகைச்சுவை விளையாட்டான இல்லுமினாட்டி (1982) ஆகியன நிறுவனத்துக்கு வாசகர்களையும் விளையாட்டு வீரர்களையும் பெற்றுத் தந்தன. இல்லுமினாட்டியில் இடம்பெற்ற, கூம்புக்குள் கண் உள்ள குறியீடே பின்னர் நிறுவனத்தின் சின்னமாயிற்று.

வணிக முறை

சிறிய விளையாட்டு வெளியீட்டகங்களின் நெருக்கடிகளைப் புரிந்துகொள்ள அவற்றின் பணச் சுழற்சியை அறிதல் வேண்டும். ஒரு விளையாட்டை உருவாக்கும்போது வடிவமைப்பு, ஓவியம், சோதனை ஆட்டம், மெய்ப்பு பார்த்தல், அச்சு, பெட்டி, கப்பல் கட்டணம் ஆகிய அனைத்துக்கும் பணம் முதலில் செலவாகிறது. விற்பனைப் பணம் பல மாதங்கள் கழித்தே வருகிறது.

மேலும், விளையாட்டுகள் பெரும்பாலும் விநியோகஸ்தர் வழியாகக் கடைகளை அடைகின்றன. 100 டாலர் சில்லறை விலையுள்ள ஒரு பெட்டியில் பொதுவாக 40 டாலர் அளவே வெளியீட்டாளரின் கைக்கு வரும். எஞ்சியது விநியோகஸ்தருக்கும் கடைக்காரருக்கும் உரியது. வெளியீட்டாளர் தமக்கு வரும் தொகைக்குள்ளேயே தயாரிப்புச் செலவு, வடிவமைப்பாளரின் உரிமத்தொகை, ஊழியர் சம்பளம், அலுவலக வாடகை ஆகியவற்றை அடக்க வேண்டும்.

புதிய நூல் ஒன்றின் விற்பனையில் கணிசமான பகுதி முதல் சில மாதங்களிலேயே நிகழ்ந்துவிடும். ஆகவே சிறிய வெளியீட்டகம் அடுத்தடுத்த புதிய வெளியீடுகளை நம்பியே வாழ்கிறது. குறித்த நாளில் ஒரு நூல் வெளிவராமற்போனால் அந்த மாதச் சம்பளமே கேள்விக்குறியாகும். 1990 இல் இந்நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுவே.

1990 ஆம் ஆண்டுச் சோதனை

பின்னணி

1988 இல் பெல்சௌத் என்னும் தொலைபேசி நிறுவனத்தின் கணினியிலிருந்து, 911 அவசர அழைப்புச் சேவையின் நிர்வாகம் குறித்த ஓர் ஆவணம் அனுமதியின்றிப் படியெடுக்கப்பட்டது. அதன் சுருக்கப்பட்ட வடிவம் 1989 இல் ஃப்ராக் என்னும் மின்னிதழில் வெளியானது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் ஊழியரான லாய்ட் பிளாங்கன்சிப் தம் வீட்டில் தனியாக ஒரு கணினி அறிவிப்புப் பலகையை நடத்தி வந்தார். அந்த மின்னிதழ் அதிலும் இடம்பெற்றிருந்தது.

கணினி அறிவிப்புப் பலகை என்பது, இணையம் பரவலாவதற்கு முன் தொலைபேசி வழியே மோடம் மூலம் இணைந்து செய்திகளைப் படிக்கவும் எழுதவும் பயன்பட்ட அமைப்பாகும். நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களுக்காக இல்லுமினாட்டி என்னும் பெயரில் ஓர் அறிவிப்புப் பலகையை நடத்தியது. 1990 பெப்ரவரியில் அதற்கு 365 பயனர்கள் இருந்தனர். அதன் நிர்வாகப் பணியில் பிளாங்கன்சிப்பும் பங்கேற்றதால், தேடப்பட்ட ஆவணம் அங்கும் இருக்கக்கூடும் என்று விசாரணை அலுவலர்கள் ஐயுற்றனர்.

பறிமுதல்

1990 மார்ச் 1 ஆம் நாள் காலை இரகசியச் சேவை அலுவலர்கள் பிளாங்கன்சிப்பின் வீட்டையும் நிறுவனத்தின் அலுவலகத்தையும் சோதனையிட்டனர். அறிவிப்புப் பலகை இயங்கிய கணினி உள்ளிட்ட கணினிகளும் 300 க்கும் மேற்பட்ட நெகிழ்வட்டுகளும் எடுத்துச் செல்லப்பட்டன. பிளாங்கன்சிப் எழுதி முடித்து, அச்சுக்குச் செல்லும் நிலையில் இருந்த கர்ப்ஸ் சைபர்பங்க் நூலின் கைப்பிரதியும் அவற்றுள் அடங்கும்.

கர்ப்ஸ் சைபர்பங்க் ஒரு கற்பனை எதிர்கால உலகில் கணினி ஊடுருவிகளாக நடித்து விளையாடுவதற்கான விதிநூல். மறுநாள் தம் கோப்புகளைக் கேட்டுச் சென்ற ஜாக்சனிடம், அந்நூல் கணினிக் குற்றத்துக்கான கையேடு என்று அலுவலர் ஒருவர் கூறியதாக நிறுவனம் தெரிவித்தது. கணினிகள் 1990 சூன் இறுதியில்தான் திருப்பித் தரப்பட்டன. நிறுவனத்தின் மீதோ ஜாக்சன் மீதோ எந்தக் குற்றச்சாட்டும் சுமத்தப்படவில்லை.

விளைவுகள்

அந்த ஆண்டின் முதன்மை வெளியீடாகத் திட்டமிடப்பட்ட நூலும் அதனை மீண்டும் உருவாக்கத் தேவையான கணினிகளும் ஒரே நாளில் இல்லாமற்போயின. பழைய வரைவுகளையும் சோதனை ஆட்டக்காரர்களிடம் இருந்த படிகளையும் கொண்டு நூல் மறுபடியும் எழுதப்பட்டு, தாமதமாக அதே ஆண்டில் வெளியானது. அதற்குள் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை நிறுவனம் பணிநீக்கம் செய்ய வேண்டியதாயிற்று.

தேடப்பட்ட ஆவணத்தின் மதிப்பு 79,449 டாலர் என முதலில் கூறப்பட்டிருந்தது. 1990 சூலையில் மின்னிதழ் ஆசிரியருக்கு எதிரான வழக்கு விசாரணையில், ஏறத்தாழ அதே செய்திகள் அடங்கிய வெளியீடுகளைப் பொதுமக்கள் இருபது டாலருக்கும் குறைவாக வாங்கலாம் என்பது வெளிப்பட்டது. அரசு அவ்வழக்கைக் கைவிட்டது.

வழக்கு

இச்சோதனை உள்ளிட்ட நிகழ்வுகளால் உந்தப்பட்டு மிட்ச் கபோர், ஜான் பெரி பார்லோ, ஜான் கில்மோர் ஆகியோர் 1990 சூலையில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேசன் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். கணினிப் பயனர்களின் குடியுரிமைகளைப் பாதுகாப்பது அதன் நோக்கம். ஊழியர்களையே குறைக்க நேர்ந்த ஒரு நிறுவனம் நடுவண் அரசுடன் வழக்காடுவதற்குத் தேவையான சட்ட உதவி இவ்வமைப்பின் ஆதரவால் கிடைத்தது. 1991 இல் வழக்குத் தொடரப்பட்டது.

தீர்ப்பு

டெக்சாஸ் மேற்கு மாவட்ட நடுவண் நீதிமன்றத்தில் நீதிபதி சாம் ஸ்பார்க்ஸ் 1993 மார்ச் 12 அன்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு இரு சட்டங்களை அடிப்படையாகக் கொண்டிருந்தது.

முதலாவது, 1980 ஆம் ஆண்டின் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். பொதுமக்களுக்கு வெளியிடும் நோக்கத்துடன் ஆயத்தம் செய்யப்பட்ட எழுத்துகளை விசாரணைக்காகக் கைப்பற்றுவதை அது கட்டுப்படுத்துகிறது. ஜாக்சனின் நிறுவனம் ஒரு வெளியீட்டகம் என்பது மறுநாளே தெரிவிக்கப்பட்ட பின்னரும் கோப்புகளை உடனே திருப்பித் தராதது சட்டமீறல் என நீதிமன்றம் கண்டது. செலவினங்களுக்காக 8,781 டாலரும் விற்பனை இழப்புக்காக 42,259 டாலரும், ஆக மொத்தம் 51,040 டாலர் இழப்பீடாக வழங்கப்பட்டது. சோதனைக்கு முன்பே நிறுவனம் பண நெருக்கடியில் இருந்ததையும், சோதனையால் கிடைத்த விளம்பரம் விற்பனைக்கு உதவியதையும் கருத்தில் கொண்டு, இதற்கு மேற்பட்ட கோரிக்கைகளை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இரண்டாவது, சேமிக்கப்பட்ட மின்னணுத் தகவல்களைப் பாதுகாக்கும் 1986 ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்புப் பலகையில் உரியவர்களால் இன்னும் படிக்கப்படாத 162 தனி மின்னஞ்சல்கள் இருந்தன. அவற்றைக் கைப்பற்றியதற்காக வாதிகள் ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் வழங்கப்பட்டது. வழக்குச் செலவையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் அரசே ஏற்குமாறு ஆணையிடப்பட்டது.

மேல்முறையீடு

படிக்கப்படாத மின்னஞ்சலைக் கைப்பற்றுவது, தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்பதற்கு ஒப்பானது என்றும் வாதிகள் கூறினர். இவ்வாதம் ஏற்கப்பட்டிருந்தால் இழப்பீடு பன்மடங்கு உயர்ந்திருக்கும். ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994 இல் இதனை மறுத்தது. ஒட்டுக்கேட்டல் என்பது தகவல் அனுப்பப்படும் அதே நேரத்தில் நிகழ வேண்டும். சேமிப்பில் உள்ள மின்னஞ்சல் அவ்வகையில் அடங்காது என்பது அதன் முடிவு. பயணத்திலுள்ள தகவலுக்கும் சேமிப்பிலுள்ள தகவலுக்கும் இடையே வரையப்பட்ட இவ்வேறுபாடு பின்வந்த அமெரிக்க வழக்குகளிலும் மேற்கோளாக எடுத்தாளப்பட்டது.

சந்தை மாற்றங்கள்

1993 இல் வெளியான மேஜிக்: த கேதரிங் விளையாட்டின் வெற்றியைத் தொடர்ந்து சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகள் பெருகின. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் தன் பழைய இல்லுமினாட்டியை அவ்வடிவில் மாற்றி வெளியிட்டு நல்ல வருவாய் ஈட்டியது. ஆனால் மிகுதியான வெளியீடுகளால் சந்தை விரைவில் நிறைவுற்றது. கடைகளில் விற்காத சரக்கு தேங்கியது; விநியோகஸ்தர் பலர் தொழிலை மூடினர் அல்லது பிறருடன் இணைந்தனர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர் நிறுவனம் கடனில் மூழ்கி 1997 இல் விசார்ட்ஸ் ஆப் த கோஸ்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. போர் விளையாட்டுகளுக்குப் பெயர் பெற்ற அவலோன் ஹில் 1998 இல் ஹாஸ்புரோ வசமாயிற்று.

இதே காலத்தில் ஃபால்அவுட் என்னும் கணினி விளையாட்டு கர்ப்ஸ் விதிமுறைகளைக் கொண்டு உருவாக்கப்பட்டு வந்தது. கருத்து வேறுபாடுகளால் 1997 இல் அவ்வொப்பந்தம் முறிந்து, ஃபால்அவுட் வேறு விதிமுறையுடன் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. கணினி விளையாட்டு வழியாகக் கர்ப்ஸ் புதிய வாசகர்களை அடையும் வாய்ப்பு இவ்வாறு நழுவியது.

அச்சுச் செலவைக் குறைக்கும் முயற்சிகளில் நிறுவனம் முன்னோடியாக இருந்தது. 1993 இல் அச்சிதழாகத் தொடங்கிய பிரமிட் 1998 இல் சந்தா செலுத்திப் படிக்கும் இணைய இதழாக மாறியது. 2008 முதல் அது மின்கோப்பாக வெளிவந்து 2018 இறுதியில் நின்றது. பழைய நூல்களும் மின்கோப்புகளாக விற்கப்பட்டன. மின்கோப்புக்கு அச்சும் கிடங்கும் கப்பலும் தேவையில்லை என்பதால், விற்பனை குறைந்த கர்ப்ஸ் வரிசை தொடர்வதற்கு இது உதவியது.

மஞ்ச்கின்

2001 இல் வெளியான மஞ்ச்கின் நிறுவனத்தின் நிலையை மாற்றியது. பாத்திரமேற்று விளையாட்டுகளில் எப்படியேனும் வெல்லத் துடிப்பவர்களைக் கேலி செய்யும் இச்சீட்டு விளையாட்டை ஜாக்சன் வடிவமைக்க, ஜான் கோவாலிக் ஓவியம் வரைந்தார். கற்பதற்கு எளிது என்பதால் பாத்திரமேற்று விளையாட்டுகளை அறியாதவர்களும் இதனை வாங்கினர். விண்வெளி, கடற்கொள்ளையர், மாவீரர் எனப் பல கருப்பொருள்களில் துணைத் தொகுதிகள் வெளிவந்தன. பின்வந்த பல ஆண்டுகளில் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி மஞ்ச்கினிலிருந்தே வந்தது.

இவ்வெற்றி மற்றொரு வகை இடரையும் உடன் கொணர்ந்தது. ஒரே விளையாட்டின் விற்பனை சரிந்தால் நிறுவனம் முழுவதும் பாதிக்கப்படும் நிலை ஏற்பட்டது. தனியாருக்குச் சொந்தமான நிறுவனமாயினும், ஆண்டுதோறும் தன் வெற்றி தோல்விகளை விவரிக்கும் அறிக்கையை இந்நிறுவனம் பொதுவில் வெளியிட்டு வந்தது. மஞ்ச்கினைச் சார்ந்திருத்தல் அவ்வறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட பொருளாகும்.

ஓகர் நிதித்திரட்டல்

விளையாட்டு வெளியாவதற்கு முன்பே வாங்குவோரிடமிருந்து பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம், செலவு முன்னும் வரவு பின்னுமாக இருந்த பழைய சிக்கலுக்குத் தீர்வாகத் தோன்றியது. 2012 இல் ஓகரின் சிறப்புப் பதிப்புக்காக 20,000 டாலரை இலக்காக வைத்து நிறுவனம் நிதி திரட்டியது. 5,512 பேர் மொத்தம் 923,680 டாலர் அளித்தனர்.

தொகை உயர உயரக் கூடுதல் உறுப்புகள் வாக்களிக்கப்பட்டன. மூன்று டாலர் உறையில் பிறந்த விளையாட்டு பத்துக் கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள பெட்டியாக வளர்ந்தது. வடிவமைப்புப் பணி நீண்டு, 2013 இறுதியில்தான் அது வாங்கியோரைச் சென்றடைந்தது. அதுவரை ஊழியர்களின் உழைப்பு ஓகரிலேயே குவிந்ததால் பிற திட்டங்கள் பின்தள்ளப்பட்டன. முன்பணம் கிடைத்தாலும் வாக்களித்ததை நிறைவேற்றும் செலவைச் சரியாகக் கணிக்காவிடில் நெருக்கடி நீங்காது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. பின்னர் தி ஃபேன்டசி ட்ரிப், கார் வார்ஸ் ஆகியவற்றின் புதிய பதிப்புகளுக்கும் இம்முறை பயன்படுத்தப்பட்டது.

2020 ஆம் ஆண்டுக்குப் பின்

கொரோனாத் தொற்றுக் காலத்தில் கடைகள் மூடப்பட்டதும் சரக்குக் கொள்கலன் கட்டணம் பன்மடங்கு உயர்ந்ததும் விளையாட்டு வெளியீட்டுத் துறை முழுவதையும் தாக்கின.

2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்க அரசு சீனப் பொருள்கள் மீது 54 விழுக்காடு இறக்குமதி வரியை அறிவித்தபோது, நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் மெரிடித் பிளாக்கோ அதன் விளைவை எண்களுடன் விளக்கி அறிக்கை வெளியிட்டார். சீனாவில் 3 டாலருக்குத் தயாரான ஒரு பொருளின் அடக்கவிலை, கப்பல் கட்டணம் சேர்வதற்கு முன்பே 4.62 டாலராகும், போக்குவரத்தும் கிடங்கும் விநியோகப் பங்கும் சேரும்போது 25 டாலர் விளையாட்டு 40 டாலர் ஆகிவிடும் என்பது அவர் காட்டிய கணக்கு. சிறப்புப் பகடைகள், வெட்டு அட்டைகள், நெகிழி மற்றும் மர உறுப்புகள் ஆகியவற்றை ஒருங்கே தயாரிக்கும் வசதி அமெரிக்காவில் இல்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அவ்வரி அதே மாதத்தில் 145 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டு, மே மாதத்தில் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஒரு விளையாட்டு அச்சாகிக் கப்பலேறிக் கரைசேரப் பல மாதங்கள் ஆவதால், வரி உயர்வைப் போலவே அதன் நிலையின்மையும் வெளியீட்டாளர்களுக்கு இடராயிற்று.

முக்கியத்துவம்

சட்டத் துறையில் இந்நிறுவனத்தின் பெயர் 1993 ஆம் ஆண்டுத் தீர்ப்பால் நினைவுகூரப்படுகிறது. எழுத்து தாளில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் வெளியீட்டாளருக்குரிய பாதுகாப்பு பொருந்தும் என்பதை அத்தீர்ப்பு காட்டியது. இச்சோதனையைப் பற்றிப் புரூஸ் ஸ்டெர்லிங் 1992 இல் வெளியிட்ட தி ஹாக்கர் கிராக்டவுன் என்னும் நூல் விரிவாகப் பேசுகிறது.

வணிக நோக்கில், 1990 இன் பறிமுதலும் 2025 இன் வரியும் வேறுபட்ட நிகழ்வுகளாயினும் அவை தாக்கிய இடம் ஒன்றே: பணம் செலவான நாளுக்கும் அது திரும்பி வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம். அந்த இடைவெளியைத் தாங்கும் இருப்பு சிறிய வெளியீட்டகங்களிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் தப்பியதற்கு நெருக்கடி நேரத்து ஊழியர் குறைப்பு, தன் விளையாட்டுகளின் உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தமை, பழைய விளையாட்டுகளைப் புதிய வடிவில் மீண்டும் வெளியிட்டமை, அச்சு சாராத விற்பனை, வாசகர்களுடன் வெளிப்படையான தொடர்பு ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறலாம். இவற்றுள் முதலாவதன் சுமையைத் தாங்கியவர்கள் வேலையிழந்த ஊழியர்கள். நீதிமன்றம் வழங்கிய இழப்பீட்டில் அவர்களுக்கெனத் தனிப் பங்கு இருக்கவில்லை.